பாஸ் மீனுக்கு எந்த ஏரி நல்லம் எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, ஸ்காபுரோவுக்கு வந்து மூண்டு மாசம், கார் வாங்கியாச்சு, பாஸ் மீனுக்கு நல்ல ஏரிகள் எது, போட் வாடகைக்கு எடுக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஏரியின்ரை பேரைப் பிறகு சொல்லுறன். முதல்ல அந்த மூண்டு மாசத்தைப் பற்றிக் கதைக்க வேணும்.

ஒன்ராறியோ மீன்பிடி லைசன்சுக்கு உங்கடை பி.ஆர். கார்ட் கணக்கில்லை. கடைசிப் பன்னிரண்டு மாசத்துக்குள்ளை தொடர்ந்து ஆறு மாசம் கனடாவில இருந்திருந்தால்தான் நீங்கள் கனடாவாசி. இல்லாட்டில் வெளிநாட்டாருக்கான லைசன்ஸ் எடுக்க வேணும், விலை கூட. ஜூலை முதலாம் திகதியை ஒட்டி லைசன்ஸ் இல்லாமல் பிடிக்கலாம் எண்டு சொல்லுவினம். அந்தச் சலுகையும் கனடாவாசிகளுக்குத்தான். "நாங்கள் வந்த புதுசில ஒண்டும் எடுக்கேல்லை" எண்டு சொல்லுற ஆக்களை நம்பாதேங்கோ. பிடிபட்டால் தண்டம் கட்டுறது நீங்கள், பறிபோறது உங்கடை தூண்டில்.

ரண்டாவது, காலம். பாஸ் பிடிக்கிற காலம் திறக்கிறது ஜூன் மாசம் மூண்டாம் அல்லது நாலாம் சனிக்கிழமை, மீன்பிடி வலயத்தைப் பொறுத்து. அந்தந்த வருசத்து அரசாங்கப் புத்தகத்தைப் பாருங்கோ. மே மாசம் கரையோரம் முழங்கால் தண்ணியில பெரிய பாஸ் அசையாமல் நிக்கிறதைக் காணுவீங்கள். அது ஆண்மீன். மணலையும் கல்லையும் வாலால துடைச்சு வட்டமாக் கூடு செய்து, முட்டையைக் காத்துக்கொண்டு நிக்குது. கிட்ட எது வந்தாலும் பாய்ஞ்சு கடிக்கும், அதாலை அப்ப பிடிக்கிறது லேசு. ஆனால் அதைத் தூக்கின சில நிமிசத்திலேயே சன்ஃபிஷ், பேர்ச் எண்ட சின்ன மீன்கள் கூட்டுக்குள்ளை புகுந்து முட்டையைத் தின்னும். திருப்பி விட்டாலும் குற்றம்தான். மூடின காலத்தில அந்த மீனைக் குறிவைக்கிறதே சட்டவிரோதம். எங்கடை ஆக்கள் சிலபேர் மே மாசத்தில பிடிச்ச பாஸைத் தூக்கிப் படம் எடுத்துப் போடுறதைப் பார்க்க வயிறு எரியுது.

மூண்டாவது, கரையில வைச்சுச் செதில் சுரண்டி, தலை வெட்டி, துப்புரவாக்கிக் கொண்டுவாற பழக்கம். ஊரில அது நல்ல பழக்கம், இங்கை ஆபத்து. அதிகாரி பார்க்கேக்கை என்ன இனம், எத்தினை மீன் எண்டு தெரிய வேணும். முழுசா ஐஸ்பெட்டியில போட்டு வீட்டை கொண்டுவந்து வெட்டுங்கோ. முழு லைசன்சுக்கு, கீழை சொல்லப்போற ரைஸ் லேக் ஏரியில ஆறு பாஸ், குறைஞ்ச விலை லைசன்சுக்கு ரண்டு. ஒரு குடும்பத்துக்கு ரண்டு காணும். பெரிய மீனில பாதரசம் கூட; பிள்ளையளுக்கும் பிள்ளை பெறுற வயசுப் பெண்களுக்கும் மாசத்துக்கு எத்தினை தரம் குடுக்கலாம் எண்டு அரசாங்க வழிகாட்டி ஏரிவாரியாச் சொல்லுது. மிஞ்சின மீனைத் தெரிஞ்ச கடைக்கு விக்கவே கூடாது.

இன்னொண்டும் சொல்ல வேணும். 2007இல சிம்கோ ஏரிப் பக்கம் ஆசிய முகமுள்ள மீன்பிடிகாரரைத் தண்ணிக்குள்ளை தள்ளி, அடிச்சு, துரத்தின சம்பவங்கள் நடந்தது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரிச்சு 2008இல அறிக்கையும் விட்டது. ஆரும் வந்து சண்டைக்கு நிண்டால் வாய்குடுக்காமல் காருக்குள்ளை ஏறிப் பொலிசுக்கு அடியுங்கோ. லைசன்ஸ் கையில இருந்தால் உங்களுக்கும் அந்தக் கரையில நிக்க முழு உரிமை இருக்கு.

இனி ஏரி. முதல் வருசம் ரைஸ் லேக் ஒண்டே காணும். 401இல கிழக்கே போய், போர்ட் ஹோப்பில 28ஆம் ரோட்டால வடக்கே ஏறினால் ஏரிக்கரையில இருக்கிற பியூட்லி ஊர். ஆழம் குறைவு, புல்லும் தீவும் நிறைய. பெரியவாய் பாஸும் சிறியவாய் பாஸும் ரண்டும் இருக்கு. வாய் மூடியிருக்கேக்கை தாடை கண்ணைத் தாண்டினால் பெரியவாய்.

ஊர்க் கடல் நினைவில தடிச்ச தங்கூசியும் பெரிய தூண்டிலும் வாங்காதேங்கோ. விறைச்ச தங்கூசி தூரம் போகாது, இரையும் உயிர்ப்பில்லாமல் விழும். ஏழடி மீடியம் றொட் (தூண்டில் தடி), லைன் சுத்துற 2500 அளவு றீல், பத்து இறாத்தல் தாங்கிற லைன். அஞ்சு அங்குல ரப்பர் புழுவை நடுவில 1/0 அளவுத் தூண்டில் முள்ளால குத்தி, ஈயம் போடாமல், புல்லின்ரை விளிம்பில எறியுங்கோ. கனபேர் பிழைவிடுறது இங்கைதான்: விழுந்த உடனை லைனை இறுக்குவினம். இறுக்கினால் புழு நேரே தாழாமல் உங்களை நோக்கி வந்து புல்லை விட்டு விலகிப்போகும். தளர்வா விட்டு, லைனைப் பாருங்கோ. அது பக்கவாட்டில நகர்ந்தால் தளர்வைச் சுத்தி எடுத்து, பிறகு றொட்டைத் தூக்குங்கோ. பல்லுக் கூரான மஸ்கி மீன் லைனை அறுக்கும்தான். அதுக்காகக் கம்பி கட்டினால் பாஸ் கடிக்கிறது குறையும். ஆகஸ்டில புல் மேல வந்து மூடினால் 3/0 அளவு முள்ளின்ரை முனையைப் புழுவுக்குள்ளை மறைச்சு, கால் அவுன்ஸ் ஈயத்தோடை புல்லுக்குள்ளை தெரியிற ஓட்டைகளில இறக்குங்கோ.

போட் இப்ப வேண்டாம். மின்சார மோட்டர் எண்டாலும் கனடாவில போட் ஓட்டத் தெரியும் எண்டதுக்கு அத்தாட்சி வேணும். ரைஸ் லேக்கின்ரை கரையில இருக்கிற ஹார்வூட்டில இருந்து அக்கரைக்கு 1854இல ரயில் பாதை போட்டவை. பனிக்கட்டி நெரிச்சுப் பாலம் சில வருசத்திலேயே உடைஞ்சுபோச்சு. அந்தக் கல்மேடு இண்டைக்கும் தண்ணிக்குக் கீழை கிடக்குது. பாஸ் அதை ஒட்டித்தான் நிக்கும், தெரியாமல் ஓடினால் புரொப்பெலரும் அதிலதான் உடையும்.

சிம்கோவில இலையுதிர்காலத்துச் சிறியவாய் பாஸ் மிகப் பெரிசு. ஆனால் காத்துக்குக் கடல் மாதிரி எழும்பும். சின்ன அலுமினியப் போட்டோடை வெளியில போகாதேங்கோ. ஆழத்தில இருந்து இழுத்த மீன் காத்துப்பை வீங்கித் தப்பாது, அதாலை விடுறதுக்கெண்டு ஆழத்தில பிடிக்காதேங்கோ. செயின்ட் கிளேர் ஏரி எல்லாம் தூரம், பிறகு பார்க்கலாம்.

சிம்கோவுக்குப் போனால் ஒறில்லியா பக்கம் அதர்லி ஒடுக்கத்தடியில ஒருக்கால் இறங்குங்கோ. ஆதிக்குடிகள் ஏரியின்ரை அடியில மரத்தடி நட்டு மீனைத் திருப்பிப் பிடிச்ச இடம், 5,000 வருசத்துக்குக் கிட்ட. அவையின்ரை மொழியில மிஞ்சிக்கனிங், மீன் வேலி இருக்கிற இடம். எங்கடை பரவைக்கடலில தடி நட்டுச் சிறகுவலை கட்டுற அதே யோசினை.