பேப்பர்ல நம்மளப் பத்தி தப்பா செய்தி வந்தா திருத்தம் போடுவாங்களா? எப்படி கேக்கணும்?

போடுவாங்க. ஆனா அந்த திருத்தத்தப் படிச்சா யாருக்கும் ஒண்ணும் புரியாது, அதான் பிரச்சனையே. நீங்க கேட்டிருக்கிற தோரணையைப் பார்த்தா உங்க கடையோ உங்க வீட்டு ஆளோ பேப்பர்ல மாட்டியிருக்குன்னு தோணுது, அதனால பட்டத சொல்றேன்.

எங்களுக்கு ஆற்காட்டுல ஸ்வீட் கடை, அப்பா ஆரம்பிச்சது, மக்கன் பேடாதான் மெயின். ஒரு தீபாவளிக்கு முன்னாடி உணவுப் பாதுகாப்புத் துறைக்காரங்க வேற ஒரு கடையில ரெய்டு பண்ணி பழைய எண்ணெய், கலர் பொடி எல்லாம் புடிச்சாங்க. மறுநாள் ஒரு தினசரியில (பேர் வேணாம், எதுக்கு வம்பு) உள்ளூர் பக்கத்துல மேலயே பெரிய செய்தி, நடுவுல எங்க கடை போட்டோ! போர்டு, கண்ணாடி அலமாரி, வாசல்ல நிக்கிற அப்பாவோட டிவிஎஸ் வண்டி வரைக்கும் பளிச்சுனு தெரியுது. செய்தியில எங்க பேரு ஒரு எடத்துலயும் இல்ல, ஆனா அத எவன் படிக்கிறான்? எப்பவோ மக்கன் பேடா பத்தி எழுத அவங்களே வந்து எடுத்துட்டுப் போன படம்தான் அது. ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனி, தொழிலாளிங்களுக்குக் குடுக்க மொத்தமா ஆர்டர் சொல்லியிருந்தாங்க, காலையிலேயே மேனேஜர் போன், "தம்பி, தப்பா எடுத்துக்காதப்பா, முதலாளி பேப்பரப் பாத்துட்டாரு". அவ்ளோதான்.

நிருபரக் கேட்டா "அண்ணே, நான் மேட்டர் மட்டும்தான் அனுப்பினேன், படம் வெச்சது டெஸ்க்"னு (அதாவது ஆபீஸ்ல பக்கம் போடறவங்க) சொல்றாரு. டெஸ்க்ல கேட்டா லெட்டரா குடுங்கன்னாங்க, குடுத்தோம். வந்துச்சு ஒரு திருத்தம், உள்பக்கத்துல ஏல அறிவிப்புக்குக் கீழ, "செய்தியில் தவறான படம் இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்"னு. எந்த செய்தி, யாரு படம், அந்தக் கடைக்கும் ரெய்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு வார்த்தை? கிடையாது. வெப்சைட்ல இன்னும் மோசம், சத்தமில்லாம படத்த மட்டும் மாத்திட்டாங்க, மாத்தினோம்னு ஒரு வரி போடல. வாட்ஸப்ல பழைய ஸ்கிரீன்ஷாட் வெச்சிருந்தவன்லாம் நாங்க காசு குடுத்து படத்தத் தூக்கிட்டதா பேசினான்.

நிருபர் தம்பிங்க யாராவது சண்டைக்கு வராதீங்க, உங்க பொழப்பு எனக்கும் தெரியும், ராத்திரி பேஜ் முடிக்கிற அவசரத்துல தப்பு நடக்கும். தப்பு நடந்தத நான் கேக்கல, திருத்தின லட்சணத்தத்தான் கேக்கறேன். லண்டன் கார்டியன்ல 1997லயே வாசகர் புகாரப் பாக்க தனியா ஒரு எடிட்டர் போட்டாங்க, நம்ம ஆங்கில தி இந்து 2006ல போட்டாங்க, எந்தத் தேதி செய்தி, என்ன தப்பு, எது சரின்னு எழுதுவாங்க. நியூயார்க் டைம்ஸ் 1920ல கோடார்டுங்கிற அமெரிக்க விஞ்ஞானியோட ராக்கெட்டக் கிண்டல் பண்ணி எழுதினத, 1969ல அப்போலோ நிலாவுக்குக் கிளம்பின மறுநாள் திருத்தினாங்க. லேட்டுதான், ஆனா என்ன தப்புன்னு சொல்லித்தான் திருத்தினாங்க.

அதனால நீங்க லெட்டர் எழுதும்போதே திருத்தம் எந்த வாசகத்துல, எந்தப் பக்கத்துல வரணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. ஆசிரியர் பேரும் அட்ரஸும் பேப்பர்லயே அடியில பொடி எழுத்துல இருக்கும், ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, காப்பி வெச்சுக்குங்க. அசையலன்னா பிரஸ் கவுன்சிலுக்கு (பேப்பர்காரங்க மேல வர்ற புகார விசாரிக்கிற அமைப்பு) போகலாம், தினசரின்னா செய்தி வந்த ரெண்டு மாசத்துக்குள்ள. மொதல்ல ஆசிரியருக்கு எழுதினதுக்கு அத்தாட்சி கேப்பாங்க. அபராதம்லாம் போட முடியாது, கண்டிக்கத்தான் முடியும். இத யாரும் எங்களுக்கு அப்ப சொல்லல.

இன்னொன்னு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். வேலூரப் பத்தி எழுதற பாதிப் பேரு இன்னும் "சாமி இல்லாத கோயில்"னு ஆரம்பிக்கிறான். கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர 1981லயே சத்துவாச்சாரியிலருந்து கொண்டாந்து வெச்சாச்சு, தினம் பூஜை நடக்குது. பஸ் ஏறி ஒரு தடவ வந்து பாத்துட்டு எழுதுங்கய்யா.