ஒரே நாளில் ரோம்: குழுவாகப் போகிறவர்களுக்கு

கேள்வி: உறவினர்களும் நண்பர்களுமாகப் பதினாறு பேர் சுற்றுலாக் குழுவாக ஐரோப்பா போகிறோம். ரோமுக்கு ஒதுக்கியது ஒரே நாள். வாட்டிகன் அருங்காட்சியகம், செயின்ட் பீட்டர் தேவாலயம், கொலோசியம், பாந்தியன், ட்ரெவி நீரூற்று, ஸ்பானியப் படிகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. முடியுமா?

பதில்: ஓடினால் முடியும், ஆனால் எதையுமே பார்த்த திருப்தி இருக்காது. பட்டியல் போடுகிறவர்கள் இடத்துக்கு இடம் எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் பார்க்கிறார்கள், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கிற நேரமும் பதினாறு பேரும் கழிப்பறை போய் வருகிற நேரமும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதனால் நான் சொல்வது, வாட்டிகன் அருங்காட்சியகம், கொலோசியம் இரண்டில் ஒன்றுக்குள் மட்டும் போங்கள். எது என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள், அங்கே போய் நடுத்தெருவில் விவாதம் வேண்டாம்.

என்னைக் கேட்டால் வாட்டிகன். காலையில் திறக்கும் நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். அருங்காட்சியகச் சுற்றில் வரும் சிஸ்டைன் சேப்பல் என்ற சிற்றாலயத்துக்குள் சத்தமாகப் பேசக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது. ஆகவே வழிகாட்டி எல்லாவற்றையும் வெளியே முற்றத்திலேயே சொல்லி முடிப்பார், அப்போது காது கொடுத்துக் கேளுங்கள், உள்ளே போன பிறகு கேட்க முடியாது. மைக்கலாஞ்சலோ 1508-லிருந்து 1512 வரை சாரத்தின் மேல் நின்று வரைந்த விதானம் அது. பலர் படுத்துக்கொண்டு வரைந்தார் என்றே நம்புகிறார்கள், அவர் நின்றபடி தலையை அண்ணாந்துதான் வரைந்தார். பீடத்துக்குப் பின்சுவரில் இருக்கும் இறுதித் தீர்ப்பு ஓவியம் 1536-இல் தொடங்கி 1541-இல் முடிந்தது, அதாவது அவர் அறுபதைத் தாண்டிய வயதில் செய்த வேலை. விதானத்தில் இருக்கும் உடல்களையும் இந்தச் சுவரில் இருக்கும் உடல்களையும் மாறி மாறிப் பாருங்கள், இடைப்பட்ட வருடங்களில் அந்த மனிதரின் மனம் எவ்வளவு கனத்துப் போயிருக்கிறது என்று தெரியும். பக்கச் சுவர்களை ஒட்டி பெஞ்சு உண்டு. யாராவது எழுந்தால் உடனே உட்கார்ந்துகொள்ளுங்கள், கழுத்து வலிக்காமல் பார்க்கலாம். கால் மணி நேரமாவது அங்கே வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நாள் பார்த்துப் போங்கள். அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு, அன்று இலவசம் என்பதால் நெரிசல் தாங்காது. புதன்கிழமை காலையில் போப் மக்களைச் சந்திப்பதால் தேவாலயத்துக்குள் போவது தள்ளிப்போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கொலோசியம்தான் என்று முடிவெடுத்தால், டிக்கெட்டில் அவரவர் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாட்டிகனைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாலையில் கொலோசியத்தை வெளியே நின்று பார்த்தால் போதும், கி.பி. 80-இல் திறந்த அரங்கம் சாலையிலிருந்தே கண்ணை நிறைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. குழுவோடு ஈடுகொடுக்க முடியுமா?

பதில்: பழைய ரோமின் தெருக்களில் சிறு சிறு கருங்கல் பதித்திருக்கிறார்கள், வழவழப்பும் மேடுபள்ளமுமாக இருக்கும். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம், பழகிய ஷூ போதும். வாட்டிகன் அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஸ்பானியப் படிகளில் கால் ஆறலாம் என்று நினைத்துவிடாதீர்கள், 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம். அந்த இடத்தை விட்டாலும் நஷ்டமில்லை.

அம்மாவை அவசியம் பாந்தியனுக்குக் கூட்டிப் போங்கள். ஏறுவதற்குப் படிக்கட்டு வரிசை கிடையாது, உள்ளே உட்கார இருக்கை உண்டு. பழைய ரோமானியக் கோயில், ஏறக்குறைய 1,900 வருடங்களாக நிற்கும் கட்டடம். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சி வரை உள்ள உயரமும் ஒன்றேதான், சுமார் 43 மீட்டர். கம்பி வைக்காத கான்கிரீட்டில் இத்தனை பெரிய குவிமாடம் உலகில் இன்றுவரை வேறில்லை. மேலே போகப் போகச் சுவரின் தடிமனைக் குறைத்து, கலவையில் எடை குறைந்த எரிமலைக் கல்லைச் சேர்த்து, நட்டநடுவில் வட்டமாகத் திறந்தே விட்டிருக்கிறார்கள். அந்தத் துளை வழியாக விழும் வெயில் ஒரு பெரிய வட்டமாகச் சுவரில் மெல்ல நகரும். மழை பெய்தால் நேராகத் தரையில் விழும், தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும், தேடிப் பாருங்கள். குழு ட்ரெவிக்குப் போய்த் திரும்பும் வரை அம்மா இங்கேயே துணைக்கு ஒருவரோடு இருக்கலாம், ட்ரெவி பத்து நிமிட நடைதான்.

கேள்வி: கூட்டத்தில் யாராவது தொலைந்துபோனால்?

பதில்: ஒவ்வோர் இடத்திலும் இறங்கியதும் சந்திக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். செயின்ட் பீட்டர் சதுக்கத்தில் நடுவில் இருக்கும் கல்தூண் எங்கிருந்தும் தெரியும். வழிகாட்டியின் குரல் வரும் காதுக்கருவியில் இரைச்சல் தொடங்கினால் நீங்கள் விலகிப் போகிறீர்கள் என்று அர்த்தம், உடனே நின்று பாருங்கள். ட்ரெவியில் பர்ஸும் போனும் பின்பாக்கெட்டில் இருக்கக்கூடாது.

கேள்வி: சைவச் சாப்பாடு, தண்ணீர்?

பதில்: தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஊரெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட இரும்புக் குடிநீர்க் குழாய்கள் இரவு பகலாக ஓடுகின்றன, நல்ல தண்ணீர். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகப் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். சாப்பாட்டில் கவனம் வேண்டும். கார்பனாரா, அமாத்ரிச்சானா என்ற பாஸ்தா வகைகள் இரண்டிலும் பன்றிக் கன்ன இறைச்சி சேர்ப்பார்கள். காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தாவில் பாலாடைக்கட்டியும் மிளகும்தான், ஆனால் அதில் போடும் பெக்கோரினோ என்ற பாலாடைக்கட்டியை உறைய வைக்கச் செம்மறிக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதுண்டு. அதுவும் ஆகாது என்பவர்கள் மரினாரா பீட்சா கேளுங்கள், தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, எண்ணெய் மட்டும், சீஸே கிடையாது.