சும்மா கிடக்கிற போன் ஏன் அதிருது? கேள்வி பதில்

கிளிநொச்சியில் போன் திருத்தும் வேலை எனக்கு. "அழைப்பும் இல்லை, மெசேஜும் இல்லை, ஆனால் போன் வைபிரேற் ஆகுது" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, வேறு வேறு காரணம் உள்ளவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். போனுக்குள் இருக்கும் சின்ன மோட்டர் தானாகச் சுற்றுவது அரிது. பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைச் சுற்றச் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க, எப்போது அதிருது என்பதைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விசுவமடுவிலிருந்து ஓர் ஆசிரியை: என்னுடையது சாம்சுங் போன். சில நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு அதிர்வு. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வகுப்பில் மேசைமேல் வைத்தால் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ரீச்சர், மணிக்கூட்டைப் பார்த்து ஒரு விஷயம் சொல்லுங்கள்: ஒரே இடைவெளியில் அதிருதா? ஆம் என்றால் அது நொற்றிபிக்கேஷன் றிமைண்டர் ஆகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்காமல் விட்ட மெசேஜோ மிஸ்ட் கோலோ இருந்தால், பார்க்கும்வரை போன் விட்டு விட்டு ஞாபகப்படுத்தும். செற்றிங்ஸில் நொற்றிபிக்கேஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்ட் செற்றிங்ஸ் என்று போனால் அதை நிறுத்தலாம். கொஞ்சம் பழைய மொடல் என்றால் அக்ஸசிபிலிற்றி பக்கத்துக்குள் இருக்கும். செற்றிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் 'றிமைண்டர்' என்று அடித்தாலும் வந்துவிடும்.

இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் வேறு வழி. அன்ட்ரொயிட் 11 முதல் நொற்றிபிக்கேஷன் ஹிஸ்ரறி என்று ஒன்று இருக்கிறது. கடந்த 24 மணித்தியாலத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு அறிவிப்பு அனுப்பியது என்று அதில் பார்க்கலாம். வந்து உடனே தானாக மறைந்துபோன அறிவிப்பும் அதில் பிடிபடும். இந்த வசதி வழமையாக நிறுத்தியே இருக்கும், நாங்கள்தான் போட்டுவிட வேண்டும். போட்ட பிறகு வருவதைத்தான் அது பதியும், ஆகவே இன்றைக்கே போட்டுவிட்டு நாளைக்குப் பாருங்கள். அடுத்தமுறை அதிரும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு, பட்டியலில் அதே நேரத்தில் என்ன வந்தது என்று ஒத்துப் பாருங்கள். கள்ளன் அகப்பட்டதும் அந்த வரியை அழுத்திப் பிடித்து அறிவிப்பை நிறுத்திவிடலாம். பெரும்பாலும் அது கடன் தருகிற செயலி, விளையாட்டு, நடை எண்ணுகிற செயலி என்று நீங்கள் மறந்தே போன ஒன்றாக இருக்கும்.

மல்லாவியிலிருந்து உயர்தர மாணவர்: ஹிஸ்ரறியில் பார்த்தேன் அண்ணா, எல்லாம் குரோம் என்று காட்டுது. "பரிசு விழுந்திருக்கு", "போனில் வைரஸ்" என்று வருது.

தம்பி, ஏதோ ஒரு தளத்துக்குள் போனபோது "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்டதற்கு 'அலவ்' அமத்தியிருக்கிறீர். வைரஸ் இல்லை. குரோமில் மூன்று புள்ளி, செற்றிங்ஸ், சைற் செற்றிங்ஸ், நொற்றிபிக்கேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பெயர் வரும், தெரியாததை எல்லாம் தடுத்துவிடும். வைரஸ் துடைக்கிற செயலி என்று அந்த விளம்பரம் காட்டுவதை மட்டும் இறக்கிவிட வேண்டாம். பிறகு அதுவே அதிரத் தொடங்கும்.

முல்லைத்தீவிலிருந்து, கடற்தொழில் செய்பவர்: சார்ஜில் போட்டால்தான் பிரச்சினை. விட்டு விட்டு அதிருது. விடியப் பார்த்தால் சார்ஜும் ஏறவில்லை.

அண்ணை, போன் சார்ஜில் தொடுபடும் ஒவ்வொரு முறையும் ஒரு அதிர்வு கொடுக்கும். இணைப்பு விட்டு விட்டுப் படுவதால் அதுவும் விட்டு விட்டு அதிருது. அந்த நேரம் பற்றரிப் படத்தில் மின்னல் குறி வந்து வந்து போகுதா என்று பாருங்கள். முதலில் வேறு வயர் போட்டுப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் போனின் சார்ஜிங் பின்னில்தான் கோளாறு.

போனை முழுதாக நிறுத்திவிட்டு ரோச் அடித்து அந்தத் துவாரத்துக்குள் பாருங்கள். சட்டைப் பையின் நூலும் கிரவல் றோட்டுப் புழுதியும் சேர்ந்து, வயர் குத்தக் குத்த இறுகி, அடியில் பஞ்சுத் தலையணை மாதிரி இருக்கும். வயர் முழுதாக உள்ளே போகாமல் கொஞ்சம் வெளியே நிற்பது இதனால்தான். ஈர்க்கை மெல்லியதாகச் சீவி, காய்ந்ததாகப் பார்த்து, ஓரமாக விட்டு மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, சட்டைப்பின் வேண்டாம். உலோகம் உள்ளே உள்ள தகட்டை வளைத்துவிடும்.

பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அது உப்பு அரித்தது. ஈர்க்குக்கு மசியாது, கடையில் கொடுத்துத் துப்புரவாக்க வேண்டும், இல்லையென்றால் பின்னை மாற்ற வேண்டும். நீர்த்துளிப் படம் காட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது, காயும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. அரிசிக்குக் குறைவில்லாத ஊர்தானே! ஆனால் அரிசித் தூளும் தவிடும் துவாரத்துக்குள் போவதுதான் மிச்சம். ஐபோனை அரிசிப் பையில் போட வேண்டாம் என்று அப்பிள் நிறுவனமே சொல்கிறது. துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். கடல் தண்ணீருக்குள் விழுந்தது என்றால் காயக் காத்திருக்க வேண்டாம். நிறுத்திய கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே இருந்து அரிக்கும்.

மாங்குளத்திலிருந்து: ஏ34 வீதியால் முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போகும்போது சட்டைப் பைக்குள் ஒரேயடியாகப் பத்துப் பன்னிரண்டு தடவை அதிருது. வீட்டில் அப்படி இல்லை.

காட்டுப் பக்கம் சிக்னல் போய்த் திரும்ப வரும்போது, தேங்கி நின்ற வட்ஸ்அப் எல்லாம் ஒன்றாகக் கொட்டுகிறது. திருத்த ஒன்றும் இல்லை. குடும்பக் குழுவை மட்டும் மியூற்றில் போடுங்கள்.

பரந்தனிலிருந்து: புதுக் கவர் போட்ட பிறகுதான் இந்தச் சத்தமும் அதிர்வும். கவருக்குள் வங்கி அட்டை வைத்திருக்கிறேன்.

அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள், நின்றுவிடும். தொட்டுக் காசு கட்டுகிற அட்டையை போனின் என்எஃப்சி (கிட்ட வைத்ததை வயர் இல்லாமல் வாசிக்கும் வசதி) வாசிக்க முயல்கிறது. என்எஃப்சியை நிறுத்தினாலும் போதும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா: மகன் பிரான்சில். அவன் எடுக்கிறான் என்று கைப்பைக்குள் அதிர்வது தெரியும், பார்த்தால் போன் வீட்டு மேசையில் கிடக்கும். எனக்கு ஏதும் வருத்தமோ?

இல்லை அம்மா. 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஒரு அமெரிக்க மருத்துவமனை ஊழியர்களிடம் கேட்டபோது 68 வீதமானோர் இப்படி இல்லாத அதிர்வை உணர்ந்ததாகச் சொன்னார்கள். அழைப்பை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால், தோலில் துணி உரசுவதையும் தசை துடிப்பதையும் மூளை போன் என்று எடுத்துக்கொள்ளும். மகனுக்கென்று தனி றிங்ரோன் வைத்துச் சத்தத்தைக் கூட்டி விடுங்கள். எடுத்தால் கேட்கும் என்ற தைரியம் வந்தாலே பாதி குறையும்.

வவுனியாவிலிருந்து: ஒரு அதிர்வு, கம்பனிப் பெயர் வருது, அணையுது. திரும்பவும் அதே. கடையில் சொப்ட்வெயார் அடிக்க வேணும், அதாவது மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேணும் என்கிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். போன் தொடங்கும்போது ஒருமுறை அதிர்வது வழமை, உங்களுடையது திரும்பத் திரும்பத் தொடங்குகிறது. முதலில் கவரைக் கழற்றுங்கள். இறுக்கமான கவர் பவர் பட்டனை அமத்திக்கொண்டே இருக்கலாம், பட்டன் புழுதியில் இறுகியும் இருக்கலாம். அடுத்து, போனைச் சமமான மேசையில் மல்லாக்க வைத்து மூலையைத் தொட்டுப் பாருங்கள். ஆடினால், அல்லது பின்மூடி விளிம்பு எழும்பியிருந்தால், பற்றரி வீங்கியிருக்கிறது. அதோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமத்திச் சமப்படுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

இரண்டும் இல்லை, போனும் கொஞ்ச நேரமாவது ஒன் ஆகி நிற்கிறது என்றால் சேப் மோட்டில் விட்டுப் பாருங்கள். அநேகமான போன்களில் பவர் ஓப் என்று வருவதை அழுத்திப் பிடித்தால் வரும். அதில் நீங்கள் இறக்கிய செயலிகள் ஓடாது. அங்கே ஒழுங்காக வேலை செய்தால் குற்றவாளி ஒரு செயலி, கடைசியாக இறக்கியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். சொப்ட்வெயார் அடிப்பது கடைசி வழி. அடித்தால் படமும் தொலைபேசி இலக்கமும் போய்விடும், பிறகு பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்கும். அது ஞாபகமில்லாமல் போனைப் பூட்டிக்கொண்டு வருபவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

நெடுங்கேணியிலிருந்து: சார்ஜில் இருக்கும்போது மட்டும் கீபோர்ட் தானாக அடிபட்டு அதிருது.

சார்ஜரை மாற்றுங்கள். மலிவு சார்ஜரிலிருந்து கசியும் மின் இரைச்சலை ஸ்கிரீன் விரல் என்று நினைக்கிறது. மாற்றியும் நிற்காவிட்டால் ரெம்பர் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள்.

கேட்டவர் ஊர் எழுதவில்லை: இவ்வளவும் எனக்கு வேண்டாம். அதிர்வையே முழுதாக நிறுத்தலாமா?

நிறுத்தலாம். அன்ட்ரொயிட் 13இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் வைபிரேஷன் அன்ட் ஹப்ரிக்ஸ் என்ற பக்கத்தில் பார்க்கலாம், பல போன்களில் ஒரே பட்டனாகவே இருக்கும். ஐபோனில் அக்ஸசிபிலிற்றி, அதற்குள் ரச், அதன் கீழே வைபிரேஷன். ஐபோனில் இதை நிறுத்தினால் அவசர எச்சரிக்கைக்கும் அதிராது. போனை சைலன்ற்றில் போட்டு வைத்திருக்கும் பழக்கமும் இருந்தால், வீட்டிலிருந்து வரும் அழைப்பும் தெரியாது.