ஒற்றை வரியில் ஒரு மாதம் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. மூன்று மணிக்கு மேல் வார்டு அடங்கியதும் போனில் ஃபேன்ஃபிக் படிப்பேன், அதாவது பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள். பெரும்பாலும் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை வைத்து எழுதிய கதைகள்தான். அதிலும் போர், மோதிரம், சாபம் எல்லாம் எனக்கு வேண்டாம். காட்டில் வாழும் எல்ஃப் இனத்து லெகோலஸும் குள்ளர் இனத்து கிம்லியும் சண்டை போட்டுக்கொண்டே ஊர் சுற்றுகிற கதைகளாகத் தேடித் தேடிப் படிப்பேன். சத்தம் வராமல் சிரிக்கப் பழகிவிட்டேன். இந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தவள் என் கல்லூரித் தோழி, அவள் இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள்.

“சொந்தமாக எழுதத் தெரியாதவர்கள் எழுதுவதை, சொந்தமாக யோசிக்கத் தெரியாதவள் படிக்கிறாள்” என்று என் அண்ணன் சொல்கிறான். வெறும் சிரிப்புக்காகத்தான் படிக்கிறேன் சார், எனக்கே தெரியும். உங்கள் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு குற்ற உணர்ச்சி கூடிவிட்டது. ஐந்து வருடத்தில் சில நூறு கதை படித்திருப்பேன். எதற்குக் கீழும் ஒரு வரிகூட எழுதியதில்லை, கூச்சம். இதையெல்லாம் இலக்கியம் என்று சொல்ல முடியுமா? இதிலிருந்து நல்ல இலக்கியத்துக்கு வர எந்தப் புத்தகங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும்? எனக்குப் பிடித்த மூன்று கதைகளின் லிங்க் அனுப்பியிருக்கிறேன்.

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் அண்ணனின் வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது. அவர் எழுத முயலலாம். மற்றபடி அவரை விட்டுவிடுவோம். ‘இலக்கியமா’ என்கிற கேள்வியையும் அவரோடு சேர்த்து அனுப்பிவிடலாம். நீங்கள் அனுப்பிய கதைகள் இருக்கும் ஏ.ஓ.3 தளத்துக்கு 2019-ல் டப்ளினில், அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரும் ஹ்யூகோ விருதே கொடுத்துவிட்டார்கள். விருதால் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் அண்ணன்மாரை அரைமணி நேரம் வாயடைக்க வைக்கும்.

மூன்று கதைகளையும் திறந்தேன். வாசகர்கள் அனுப்பும் லிங்குகளை நான் திறப்பதில்லை. கோபித்துக்கொள்வார்களே என்று இதுவரை வெளியில் சொன்னதும் இல்லை. இந்த முறை திறந்ததற்குக் காரணம், ஒரு மாதமாக நட்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்று, காலையில் எழுதியதை மாலையில் அழித்துக்கொண்டிருந்தேன்.

முதல் கதை மோசம். மெகா சீரியல் மாமியார் மருமகள் மாதிரி, ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் இடி இடிக்கிறது. இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டேன். மூன்றாவது கதை எல்ஃபுகள் வாழும் லோத்லோரியன் காட்டில் அவர்களுடைய முதல் இரவு. எல்ஃபுகள் கண்ணைத் திறந்து வைத்தபடியே கனவுக்குள் போய் ஓய்வெடுப்பவர்கள் என்பது டோல்கீனே எழுதியது. கிம்லிக்கு அது தெரியாது என்று வைத்துக்கொள்கிறது இந்தக் கதை. நடுராத்திரி விழித்துப் பார்க்கிறான். பக்கத்தில் லெகோலஸ் கண் திறந்தபடி, அசையாமல் கிடக்கிறான். செத்துவிட்டான் என்று பதறி, நெஞ்சில் காது வைத்துக் கேட்கிறான். தாடி மூக்குக்குள் போய் லெகோலஸ் ஒரு தும்மல் போடுகிறான், மரத்துக் காவலர்கள் அம்பை எடுத்துவிடுகிறார்கள். “நீ செத்திருந்தால் பழி என் மேல் விழும், அதற்காகத்தான் பார்த்தேன்” என்கிறான் கிம்லி. அந்த முதல் இரவுக்குப் பிறகு லெகோலஸ் மற்றவர்களோடு படுக்கவில்லை என்று மூலத்திலேயே வருகிறது. ஏன் என்று டோல்கீன் விளக்கவில்லை. இந்தக் கதைக்காரர் விளக்குகிறார்: தாடிக்குப் பயந்து.

நான் சிரித்த சத்தத்தில் அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

இனி உங்கள் மேல் இருக்கும் கோபம். “வெறும் சிரிப்புக்காகத்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘வெறும்’ எங்கிருந்து வந்தது? என் கட்டுரைகளிலிருந்து என்றால் அவற்றை நான் சரியாக எழுதவில்லை. ஒரு வார்டு முழுக்க டிரிப் மாற்றி, பிரஷர் பார்த்து, யாரோ ஒரு கிழவரின் திட்டையும் வாங்கிக்கொண்டு விடிகாலை நாலு மணிக்கு வந்து உட்காருகிற பெண்ணைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட வேலையா? முப்பத்தைந்து வருடமாக எழுதுகிறேன். என் கதையைப் படித்து அழுததாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். சிரித்ததாகச் சொன்னவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்தவர்கள்.

நட்பை எழுதுவது அதைவிடக் கஷ்டம். காதலுக்குக் கதை தானாக அமையும். பார்ப்பது, பேசாமலிருப்பது, பேசிவிடுவது, வீட்டில் தெரிந்துவிடுவது என்று படிகள் உண்டு. இரண்டு நண்பர்கள் நண்பர்களாக இருக்கும்போது என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. டீ குடிக்கிறார்கள். ஒருவன் சட்டையை இன்னொருவன் கேலி செய்கிறான். கதாசிரியனுக்கு இது போதாது, ஆகவே யாராவது ஒருவனைச் சாகடித்து நட்பை நிரூபித்துவிடுகிறான். நம் ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்க, அதுவரை முகம்கூடப் பார்த்திராத பிசிராந்தையார் வந்து பக்கத்தில் அமர்ந்து உயிர்விட்டார். இருவரும் ஒருவரையொருவர் ஒரு தடவையாவது கிண்டல் செய்துகொண்டார்களா என்று புறநானூறு சொல்லவில்லை.

டோல்கீன் மட்டும் என்ன செய்தார்? எல்ஃபுக்கும் குள்ளருக்கும் தலைமுறைப் பகை. கிம்லியின் அப்பாவைப் பிடித்துச் சிறையில் போட்டவர் லெகோலஸின் அப்பா; அது 1937-ல் வந்த டோல்கீனின் முந்தைய நாவல் ‘ஹாபிட்’டில் இருக்கிறது. லோத்லோரியனுக்குள் நுழையும்போது குள்ளனின் கண்ணை மட்டும் கட்டச் சொல்கிறார்கள். அவன் கோடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுக்கிறான். அப்படியானால் எல்லார் கண்ணையும் கட்டுங்கள் என்று குழுத் தலைவன் அரகார்ன் தீர்ப்புச் சொல்ல, என் இனத்தார் காட்டில் எனக்கே கண்கட்டா என்று லெகோலஸ் கொதிக்கிறான். ஏறத்தாழ ஒரு மாதம் அங்கே தங்குகிறார்கள். வெளியே வரும்போது இருவரும் உயிர்த்தோழர்கள்.

நடுவில் என்ன நடந்தது? லெகோலஸ் காட்டுக்குள் உலாவப் போகும்போது அடிக்கடி கிம்லியையும் கூட்டிக்கொண்டு போனான், மற்றவர்கள் இந்த மாற்றத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அவ்வளவுதான். ஒற்றை வரி. தலைமுறைப் பகை தீர்ந்து, ஒரே குதிரையில் முன்னும் பின்னுமாக உட்காரப்போகிற இரண்டு பேர், முதன்முதலாக எதைப் பேசிக்கொண்டு நடந்தார்கள்? யார் முதலில் வாயைத் திறந்தது? என்ன சொல்லித் திறந்தான்? மன்னிப்பா கேட்டிருப்பான்? நிச்சயமாக இருக்காது. அந்த மரத்தில் ஏறுவாயா என்று சீண்டியிருப்பான். ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய மனிதர், ஒவ்வொரு குன்றுக்கும் மூன்று மொழியில் பெயர் வைத்தவர், இந்த ஒரு மாதத்தை மட்டும் ஒற்றை வரியில் தாண்டிப் போய்விட்டார்.

நீங்கள் படிக்கும் கதைகள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் குடியிருப்பவை. எழுதுகிறவர்கள் யார் யாரோ, எந்தெந்த ஊரோ. ஆளுக்கொரு பாய் கொண்டு வந்து அந்த ஒரு மாதத்துக்குள் விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஏ.ஓ.3-ல் இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல் கதை, ‘அண்ட்’ குறி போட்டால் நட்புக் கதை. 1970-களில் ஸ்டார் ட்ரெக் டிவி தொடரின் ரசிகைகள் அதில் வரும் கர்க்கையும் ஸ்பாக்கையும் சேர்த்து எழுதியபோது பிடித்த வழக்கம் அந்தச் சாய்கோடு. நீங்கள் அனுப்பிய மூன்றிலும் ‘அண்ட்’ குறிதான் இருந்தது. கவனித்தேன்.

டோல்கீனுக்கு இதெல்லாம் பிடித்திருக்குமா என்று கேட்காதீர்கள். தன் புராணத்தில் மற்றவர்களின் மனமும் கையும் வந்து சேர இடம் விட நினைத்ததாக 1951-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். தொடர்ச்சி எழுதக் கிளம்பிய ஒரு பையனை 1966-ல் கழுதை என்று திட்டினார். இரண்டும் அவர்தான்.

அவர் ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊகம்தான். பர்மிங்ஹாமில் பள்ளிக்கூடம் படித்தபோது டோல்கீனோடு சேர்த்து நாலு பையன்கள் ஒரு கிளப் வைத்திருந்தார்கள். டீ கிளப் என்றே பெயர். நூலகத்தில் திருட்டுத்தனமாக டீ போட்டுக் குடிப்பது, பிறகு பாரோ ஸ்டோர்ஸ் கடையில் உட்கார்ந்து அரட்டை. ஒருமுறை யாரோ கொண்டுவந்த மீன் டின்னை, யாருக்கும் பிடிக்காமல், அலமாரியில் புத்தகங்கள் மேல் வைத்து மறந்துபோய், வெகுநாள் கழித்து நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நாலு பேரில் ராப் கில்சன் 1916 ஜூலை 1-ஆம் தேதி, முதல் உலகப் போரில், சோம் போரின் முதல் நாளே செத்தான். ஜி.பி.ஸ்மித் அதே டிசம்பரில், குண்டுக் காயம் புரையோடி. நான் சொல்ல முயன்றதை, சொல்ல நான் இல்லாமல் போனாலும் நெடுங்காலம் நீ சொல்ல வேண்டும் என்று அந்த வருடம் பிப்ரவரியில் டோல்கீனுக்கு எழுதியிருந்தான் ஸ்மித். அவன் கவிதைகளை 1918-ல் புத்தகமாகத் தொகுத்து வெளியிட்டது டோல்கீன்தான்.

மீன் டின்னைப் பற்றிச் சிரித்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அந்த அரட்டையை விரித்து எழுத அவருக்குக் கை வந்திருக்குமா? ஆனால் நாவலில் ஹெல்ம்ஸ் டீப் போரை எழுதினார். எதிரிப் படையின் ஓர்க்குகளை யார் அதிகம் வெட்டுவது என்று லெகோலஸுக்கும் கிம்லிக்கும் பந்தயம். விடிந்த பிறகு, தலையில் கட்டோடு கிம்லி வந்து நிற்கிறான். 42 என்கிறான். லெகோலஸ் 41. ஒன்று குறைந்துபோனது பரவாயில்லை, உன்னைக் காலூன்றி நிற்கப் பார்த்ததே சந்தோஷம் என்கிறான் லெகோலஸ். காலூன்றித் திரும்பி வராதவனை நினைக்காமல் எழுதிய வரியாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். வருகிறேன்.

1984-ல் திருநெல்வேலியில் ஒரு விடுதியில் இருந்தேன். ஏப்ரலில் அறைக்குள் படுக்க முடியாது. எட்டுப் பேர் மொட்டைமாடியில் பாய் விரித்துக் கிடப்போம். கரண்ட் போனதும் என் அறைத்தோழன் ஆரம்பிப்பான், விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை. அம்புலிமாமா காலத்துப் பிள்ளைகள் நாங்கள். தோளில் பிணமும் கையில் வாளுமாகச் சங்கர் வரைந்த அந்த ராஜா எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மூலத்தில் 25 கதைகள்தான், அம்புலிமாமா அதைப் பல பத்தாண்டு நீட்டியது. இவன் அதற்கு மேலும் நீட்டினான். வேதாளம் சொல்கிற கதைகளையெல்லாம் தள்ளிவிடுவான். மரத்துக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் உள்ள நடை மட்டும்தான் அவன் கதை. வேதாளத்துக்கு ராஜாவின் வேர்வை நாற்றம் தாங்காது. ராஜாவுக்கு மூக்கு அரிக்கும், ஒரு கையில் வாள், ஒரு கையில் வேதாளத்தின் கால். வாயைத் திறந்து சொரிந்துவிடச் சொன்னால் அது மரத்துக்குப் பறந்துவிடும். கண்ணாலேயே கெஞ்சுவான். “எந்தப் பக்கம் ராசா, இடதா வலதா?” என்று விடிய விடியக் கேட்கும் வேதாளம்.

ஒரு ராத்திரி யாரோ கேட்டோம், ராஜா ஏன் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லித் தொலைகிறான் என்று. “தலை வெடிக்கும்னு பயந்துன்னு நெனச்சியளோ? வேணும்னேதாம்ல சொல்லுதான். கொண்டுபோய்ச் சாமியார்ட்ட குடுத்துட்டா, நாளைக்கு எவன் அவன்ட்ட பேசுவான்? அரமணையில இருக்க பூராப் பயலும் ‘ஆகட்டும் மன்னா’ங்கிற பயலுவதான்” என்றான். யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவனுக்கு வேதாளம் என்றே பெயர் வந்துவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். “அவள் இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள்.” ஒற்றை வரி. அண்ணனின் பேச்சை அப்படியே எடுத்தெழுதிய நீங்கள், பழக்கிவிட்டவளுக்கு ஒரு வரிதான் கொடுத்தீர்கள். நல்ல இலக்கியத்துக்கு எந்த வழியாக வருவது என்று என்னிடம் கேட்கிறீர்களே, அந்த வரியை விரித்து எழுதினீர்களா? ஹாஸ்டலில் ஒரே போனை வைத்துக்கொண்டு படித்தீர்களா? யார் முதலில் சிரிப்பது? அவளும் இப்போது நைட் டியூட்டியா? உங்களுக்கு மூன்று மணி என்றால் அங்கே முந்தைய நாள் ராத்திரி ஒன்பதரை, கோடைக்காலமானால் பத்தரை. தூங்கியிருக்க மாட்டாள்.

இன்னொன்று. சில நூறு கதை படித்து ஒருவருக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை என்பது கூச்சம் இல்லை, கஞ்சத்தனம். காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் அவர்கள். “தாடி தும்மலில் சிரித்தேன்” என்று எழுத என்ன கூச்சம்? அந்த மூன்றாவது கதைக்குக் கீழே நான் எழுதிவிட்டேன், என் இங்கிலீஷில் இரண்டு தப்போடு. பத்து நிமிடத்தில் பதில் வந்தது, ஆச்சரியக்குறிகள் மட்டும்.

புத்தக வரிசை கேட்டிருந்தீர்கள். அப்புறம் பார்ப்போம்.

நேற்று ராத்திரி வேதாளத்துக்குப் போன் போட்டேன். ரிட்டயர் ஆகி ஊரோடு இருக்கிறான், பேசி இரண்டு வருடம் இருக்கும். அந்த மொட்டைமாடி, ராஜா வேண்டுமென்றே பதில் சொன்னது எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தினேன். “ஏல, நானா சொன்னேன்? ஞாவகமே இல்லயே” என்றான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

“வேதாளத்துக்கு இப்பம் சுகருல்லா,” என்றான் பிறகு. “தலைகீழாத் தொங்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ராசாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. மரத்தடியில வந்து நின்னுக்கிட்டு, நீயே எறங்கி வால, என்னால ஏற முடியாதுங்கான். இது சொல்லுது...”

மணி பதினொன்றாகியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன்.