கோடையில் நடுவதற்கு முன், நட்டதைக் காப்போம்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். விடுமுறையில் நண்பர்களோடு சேர்ந்து தெருவில் மரக்கன்று நட வேண்டும், கடற்கரையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறான். இந்தக் கத்திரி வெயிலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. தடுக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: தடுக்காதீர்கள், அம்மா. கன்று நடும் எண்ணத்தை மட்டும் ஐப்பசிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது. மே மாதத்தில் நடும் கன்றுகளில் பல, வேர் பிடிக்கும் முன்பே கருகிவிடுகின்றன. சென்ற மழைக்காலத்தில் நடப்பட்டு, அதன்பின் கவனிப்பாரின்றி நிற்கும் கன்றுகளைக் காப்பாற்றுவதே கோடைக்கு உரிய வேலை என்பேன்.

அண்மையில் தண்டையார்பேட்டைத் தெரு ஒன்றில், இரும்புக் கூண்டுக்குள் நின்ற பூவரசங்கன்றின் அருகே உட்கார்ந்து பார்த்தேன். குச்சியோடு சேர்த்துக் கட்டிய நைலான் கயிறு, தண்டு பருத்தபோது பட்டைக்குள் புதைந்திருந்தது. அடிமண் வெடித்து, வெடிப்புக்குள் பிஸ்கட் உறைகள் கிடந்தன. கயிற்றை அறுத்து, உறைகளைப் பொறுக்கி, மண்ணைக் கொத்திவிட்டுப் பாத்தி கட்டி, ஒரு குடம் நீர் ஊற்றி, ஈரம் காயாதிருக்கச் சருகு பரப்பக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்தால் ஒரு தெருவையே பார்த்துக்கொள்ள முடியும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில், அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் சேர்த்துவைத்து ஊற்றலாம். சோப்பு நீர் வேண்டாம்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தொப்பி, மூடிய காலணி, குடிநீர், உடன் ஒரு பெரியவர் ஆகியவை கட்டாயம்.

கடற்கரைக்குச் செல்வதானால், குப்பையை எடுத்துச்செல்ல வண்டி வருமா என்று மாநகராட்சியின் கோட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். குவித்ததை எடுக்க ஆளில்லாவிட்டால் அது அலையோடு கடலுக்கே திரும்பிவிடும். உடைந்த கண்ணாடியையும் ஊசிகளையும் பிள்ளைகள் தொடவே கூடாது. அலைத்தடுப்புக்காகக் கொட்டியுள்ள பாறைகளில் பாசி வழுக்கும் என்பதால் அவற்றின்மீது ஏறவும் விடாதீர்கள்.

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்திக் கன்றுகள் நட நாங்கள் உதவ முடியுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, எர்ணாவூர்

பதில்: உங்கள் ஆர்வம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது; ஆயினும் அலையாத்தி மரங்கள் வளரும் அந்த உப்புநீர்ச் சேற்றில் இறங்க வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்த இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய், அலையாத்தி மரங்களின் அடியையெல்லாம் கறுப்பாக்கியது. பள்ளியில் தேசிய பசுமைப் படை என்னும் மாணவர் சூழல் மன்றம் இருந்தால், பொறுப்பாசிரியர் மூலம் வனத்துறையை அணுகி, நாற்று வளர்க்கும் பணியில் இடம் கேளுங்கள்.

அதுவரை கரையிலிருந்தே செய்யத்தக்க அரிய பணி ஒன்று உண்டு. எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றில் இறால், நண்டு, மடவை பிடித்து வாழ்ந்த மீனவப் பெரியவர்களிடம், முன்பு எங்கே என்ன கிடைத்தது, எந்த ஆண்டுக்குப்பின் குறைந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களிலேயே எழுதி வையுங்கள். நீங்களே கண்ட பறவைகளையும் மீன்களையும் எழுதும்போது நாள், நேரம், அப்போது நீர் ஏற்றமா வற்றமா என்பதையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.