லேமினேட் செய்யும் முன் பெரியவரைப் பாருங்கள்

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது ஒரு 'ஃபுட்டி' (ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து) பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். செயின்ட் கில்டா அணியின் 1966 போஸ்டர், பழைய 'ஃபுட்டி ரெக்கார்டு' இதழ்கள், வீரர் படம் போட்ட ஸ்கான்லன்ஸ் கார்டுகள், முதுகில் எண் தைத்த கம்பளி ஜெர்சி ஒன்று. போஸ்டரை லேமினேட் செய்து மாட்டலாமா? இவை விலை போகுமா?

பதில்: லேமினேட் வேண்டவே வேண்டாம். செய்தால் திரும்ப எடுக்க முடியாது, சேகரிப்பவர்களும் தொட மாட்டார்கள். செலோடேப்பும் கூடாது.

ஆஸ்திரேலிய ரூல்ஸில் செயின்ட் கில்டா வென்ற ஒரே கோப்பை அந்த 1966 கோப்பைதான். காலிங்வுட்டை ஒரே ஒரு புள்ளியில், 74–73 என்று ஜெயித்தார்கள். பேரி ப்ரீன் அடித்தது கோல்கூட இல்லை, ஒரு புள்ளி தரும் 'பிஹைண்ட்'. அதுவே போதுமானதாகிவிட்டது. அதனால் அந்த அணியின் ரசிகர்கள் இதைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 'வெக்' என்று கையெழுத்திட்ட வில்லியம் எல்லிஸ் கிரீன் 1954 முதல் 2008 வரை வென்ற அணிகளுக்கு இப்படிப் போஸ்டர் வரைந்தவர். தேவை இருக்கும் இடத்தில் பிரதிகளும் இருக்கும். பூதக்கண்ணாடியில் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். கோட்டின் விளிம்பு சுத்தமாக இருந்தால் நல்ல அறிகுறி. புள்ளி புள்ளியாகச் சிதறினால் அது ஸ்கேன் செய்து அச்சிட்ட பிரதியாக இருக்கலாம்.

ரெக்கார்டு 1912 முதல் வரும் ஆட்ட நாள் இதழ். சாதாரண வாரத்து இதழ்களுக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள், இறுதி ஆட்ட இதழ்கள்தான் கவனிக்க வேண்டியவை. 1977 இறுதி ஆட்டத்தில் காலிங்வுட்டும் நார்த் மெல்பர்னும் சமன் செய்து மறுவாரம் திரும்ப ஆடினார்கள். அந்த ஆண்டு இதழ்கள் இருந்தால் இரண்டும் உண்டா என்று பாருங்கள். பென்சிலில் ஸ்கோர் எழுதியிருந்தால் அழிக்க வேண்டாம். விலை கொஞ்சம் குறையலாம், ஆனால் அழித்த தடம் இன்னும் மோசம்.

ஸ்கான்லன்ஸ் கார்டுகள் பபிள்கம்மோடு வந்தவை, முதல் தொகுதி 1963-இல். பசைக்கறையைச் சுரண்டாதீர்கள். பிசுபிசுக்கும் பழைய பிவிசி ஆல்பம் வேண்டாம், பாலிப்ராப்பிலின் உறை வாங்குங்கள்.

இனி ஜெர்சி. அங்கே அதை 'கர்ன்சி' என்பார்கள். உங்கள் பெட்டியின் கனமான சமாச்சாரம் இதுவாக இருக்கலாம், வெறும் கடைச் சரக்காகவும் இருக்கலாம். ஆட்டத்தில் அணிந்தது என்று நிரூபிக்க வேண்டும். பழைய படங்களில் எண்ணின் தையல், காலரின் அமைப்பு, கிழிந்து தைத்த இடம் எல்லாம் பொருந்துகிறதா என்று ஒப்பிடுவார்கள். ஆகவே துவைக்காதீர்கள், பழைய சேறும் ஒரு சாட்சிதான். பூச்சி அரித்திருந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். கையெழுத்து ஏதும் இருந்தால் மையைக் கவனியுங்கள்: 1930-களின் பொருள் என்று சொல்லிவிட்டு பால்பாயின்ட் பேனாவில் கையெழுத்து இருந்தால் அது பிற்பாடு போட்டதுதான்.

விலைக்கு, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். இணைய ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த தொகையை மட்டும் பாருங்கள். ஏல நிறுவனத்துக்குக் கொடுத்தால் கமிஷன் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே பெரியவரைப் போய்ப் பாருங்கள். ஜெர்சி அவர் கைக்கு எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டு என்று அவர் சொல்வதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். அப்படியே விற்க நினைப்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். போகும்போது ஜெர்சியையும் எடுத்துப் போங்கள். கையில் வாங்கிப் பார்த்தால் நிறைய ஞாபகம் வரும்.