கடல்நீர் டேங்க்ல மீன் மேல வெள்ளைப் புள்ளி, மருந்து ஊத்தினதும் போச்சு, பத்து நாள்ல திரும்ப வந்துருச்சு. என்ன பண்றது?

நீங்க எழுதினது இதுதான்: ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ப்ளூ டாங் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்மையான பவளம்), ரெண்டு இறால். டாங் மேல புள்ளி வந்துச்சு, கடைல குடுத்த நீல மருந்தை ஊத்துனீங்க, நாலு நாள்ல காணாம போச்சு, பத்தாம் நாள் க்ளவுன் மேலயும் சேத்து வந்துருச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்தப் புள்ளி மருந்தால போகல, தானா விழுந்துச்சு. இது ஒரு ஒட்டுண்ணி, பேர் கிரிப்டோகேரியான், மெரைன் இக்-னு சொல்வாங்க. மீன் உடம்புல அது 3லருந்து 7 நாள்தான் இருக்கும், தோலுக்கு அடியில உக்காந்து தின்னுட்டு, பெரும்பாலும் ராத்திரி இருட்டுல கழண்டு விழுந்து, மணல்லயும் கல்லுலயும் ஒட்டி ஓடு கட்டிக்கும். அந்த ஓட்டுக்குள்ள ஒண்ணு நூத்துக்கணக்கா பிரிஞ்சு வெளிய வரும். வெளிய வந்த குட்டிக்கு ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீன் கிடைச்சாகணும், இல்லன்னா செத்துரும். மருந்துக்கு மாட்டுறது இந்த நீந்துற குட்டிதான், மீனோட தோலுக்குள்ள இருக்கும்போதும் சரி, ஓட்டுக்குள்ள இருக்கும்போதும் சரி, நீங்க ஊத்துறது எதுவும் அதைத் தொடாது. அதனால புள்ளி கண்ணுல படாம இருந்த அந்த நாளுங்கதான் உங்க டேங்க்ல அது பல மடங்கு பெருகின நாள்.

எனக்கும் இதே கதைதான். புதுசா வாங்கின ஒரு டாங்கை நேரா மெயின் டேங்க்ல விட்டேன், பத்து நாள்ல புள்ளி. பூண்டு சாறு கலந்து தீனி போடுங்க, ஹீட்டரை 30க்கு ஏத்துங்க, க்ளீனர் இறால் வாங்கி விடுங்க, எல்லாத்தையும் தின்னுரும்னு சொன்னாங்க, மூணையும் செஞ்சேன். மூணு வாரத்துல ஏழு மீன்ல அஞ்சு போச்சு. கடைசி ராத்திரி அந்த டாங் கண்ணாடி ஓரமா சாஞ்சு கிடந்து செவுளை மட்டும் ஆட்டிட்டு இருந்ததை இன்னிக்கும் மறக்க முடியல. சூடு ஏத்துற வைத்தியம் நல்ல தண்ணி மீனுக்கு வர்ற இக்குக்கு உள்ளது, அது வேற உயிரி, இது வேற. கடல் இக் வெதுவெதுப்பான கடல்லயே பொறந்து வளர்ந்தது, சூடு ஏத்தினா அதோட சுற்று வேகமாகும், தண்ணில ஆக்ஸிஜன் குறையும், ஏற்கனவே செவுள் புண்ணான மீன் மூச்சுக்குத் திணறும்.

சரி, இப்ப என்ன பண்ணணும். எல்லா மீனையும் வெளிய எடுங்க. புள்ளி இல்லாத மீனையும் சேத்துதான், ஒண்ணை விட்டாலும் இக் அந்த ஒண்ணு மேலயே உயிரோட இருந்துரும். ஒரு வெறும் டேங்க் இல்லன்னா பெரிய பிளாஸ்டிக் டப் போதும், உள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிஞ்சுக்க ரெண்டு மூணு பிவிசி பைப் துண்டு. மணல் வேண்டாம், லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கிற கடல் கல்) வேண்டவே வேண்டாம், அது நாம ஊத்தப்போற காப்பர் மருந்தை உறிஞ்சிக்கும், நீங்க எவ்வளவு ஊத்துனீங்கன்னே கணக்கு நிக்காது. கரண்ட் போனா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணும் வாங்கி வெச்சிருங்க.

மருந்து காப்பர், அதாவது செம்பு. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, ஏன்னா காப்பர்ல ரெண்டு வகை இருக்கு. குப்ரமைன் மாதிரி மருந்துன்னா 0.5 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிற அளவு), காப்பர் பவர் மாதிரி கட்டிப்போட்ட (செலேட்டட்) காப்பர்னா 2.25லருந்து 2.5. முதல் வகையை ரெண்டாவதோட அளவுக்கு ஊத்தினா மீன் செத்துரும், ரெண்டாவதை முதல்தோட அளவுக்கு ஊத்தினா இக் சாகாது. அதனால பாட்டில்ல என்ன இருக்குன்னு பாத்து, அதுக்கு ஏத்த டெஸ்ட் கிட் வாங்கிட்டுதான் மூடியைத் திறக்கணும், சொட்டு எண்ணி ஊத்துற வேலை வேண்டாம். ஒரே நாள்ல ஏத்தாம மூணு நாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, டாங் காப்பருக்குக் கொஞ்சம் சுணங்கும், தீனி எடுக்குதான்னு பாத்துட்டே ஏத்தணும். முழு அளவு வந்த நாள்லருந்து 30 நாள், நடுவுல ஒரு நாள் அளவு இறங்கினாலும் திரும்ப ஒண்ணுலருந்து எண்ணணும். தண்ணி மாத்தும்போது புதுத் தண்ணிலயும் அதே அளவு காப்பர் கலந்துட்டு ஊத்துங்க. மீன் கழிவால அமோனியா ஏறும், தினமும் பாருங்க, ஆனா ஏறுதேன்னு அமோனியாவைக் கட்டுற கண்டிஷனரை காப்பரோட சேத்து ஊத்திடாதீங்க, காப்பர் விஷமாயிரும். தண்ணி மாத்துறது ஒண்ணுதான் வழி. காப்பரை எக்காரணம் கொண்டும் மெயின் டேங்க்ல ஊத்தக்கூடாது, கோரலும் இறாலும் அதோட முடிஞ்சுது.

காப்பர் கிடைக்கலன்னா ரெண்டு டப் வெச்சுக்கிட்டு 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மீனை ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு மாத்துற முறை இருக்கு, மொத்தம் நாலு மாத்தல், 12 நாள். விழுந்த ஓடு வெடிக்கிறதுக்குள்ள மீன் அங்க இருக்காது, அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு தடவையும் பழைய டப், பைப், ஃபில்டர் எல்லாத்தையும் கழுவி நல்லா வெயில்ல காயவைக்கணும், ஒரு சொட்டு பழைய தண்ணியும் கூட வரக்கூடாது.

மெயின் டேங்க் 76 நாள் மீனே இல்லாம இருக்கணும். ஓட்டுக்குள்ள 72 நாள் வரைக்கும் இருந்து வெளிய வந்தது ஆய்வுகள்ல பதிவாகி இருக்கு, அதுலருந்து வந்த கணக்கு. 27 டிகிரிக்கு மேல வெச்சு 45 நாள்ல முடிக்கிறவங்களும் இருக்காங்க, நான் ஒரு தடவை இழந்தவன், 76தான் வெச்சேன். கோரலும் இறாலும் அங்கயே இருக்கட்டும், அதுங்க மேல இக் ஒட்டாது, ரெண்டு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் தீனி போடுங்க, கழிவைச் சுத்தம் பண்ற பாக்டீரியா பட்டினி கிடக்கக்கூடாது. மெயின் டேங்க் வலையையும் கையையும் ஈரத்தோட மீன் இருக்கிற மருந்து டேங்க்ல விடாதீங்க. 30 நாள் காப்பர் முடிஞ்சதும் ஃபில்டர்ல கார்பன் (மருந்தை உறிஞ்சுற கரி) போட்டு காப்பரை எடுத்துட்டு, மீதி நாளுக்கு மீன் அங்கயே இருக்கட்டும்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி, வந்திருக்கிறது இக் தானான்னு உறுதி பண்ணிக்கணும். இன்னிக்கு ராத்திரி லைட் அணைச்சதும் பக்கவாட்டுல டார்ச் அடிச்சு பாருங்க. இக்-னா ரவை ஒட்டின மாதிரி தனித்தனியா தெரியும், எண்ணலாம், பக்கத் துடுப்புல நல்லா தெரியும். விபூதி பூசின மாதிரி எண்ண முடியாத பொடியா இருந்து, மீன் வேவ் மேக்கர் (அலை உண்டாக்குற மோட்டார்) தண்ணி அடிக்கிற இடத்துலயே போய் முகத்தைக் காட்டிட்டு நின்னு, வேகவேகமா மூச்சு வாங்குச்சுன்னா அது வெல்வெட்ங்கிற வேற ஒட்டுண்ணி. அதுக்கும் காப்பர்தான், ஆனா வாரக்கணக்குல யோசிக்க நேரம் குடுக்காது, ஓரிரு நாள்லயே அள்ளிட்டு போயிரும், டப் மாத்துற முறையும் அதுக்கு உதவாது. க்ளவுன் மேல மட்டும் சளி மாதிரி வழவழன்னு உரிஞ்சு தொங்குச்சுன்னா அது ப்ரூக்லினெல்லாங்கிற இன்னொரு ஒட்டுண்ணி, அதுக்கு காப்பர் வேலை செய்யாது, ஃபார்மலின்தான்.

செவுள் எத்தனை தடவை அடிக்குதுன்னு ஒரு நிமிஷம் எண்ணிக்கோங்க, டாங்குக்குத் தனியா, க்ளவுனுக்குத் தனியா. அந்த எண்ணிக்கையும் டார்ச் வெளிச்சத்துல எடுத்த ஒரு போட்டோவும் அனுப்புங்க, ராத்திரி எவ்வளவு நேரமானாலும் பாத்து சொல்றேன்.